செதில் படாத முட்டைகள்

ஜூன் 3, திங்கள்

சர்க்கரை ஆலை கொடுத்த டைரி ஐந்து மாதமாக மேசைக்குள் சும்மா கிடந்தது. இன்று வெளியே எடுக்கக் காரணம் எங்கள் ஆய்வக விஞ்ஞானி பெனாசிர் மேடம். "தணிகாசலம் அண்ணே, தெனமும் நடக்கறத எழுதி வைங்க. பின்னாடி ரிப்போர்ட் எழுத எனக்கு ஒதவும்" என்றார். ஆய்வகப் பதிவேடு தனியாக இருக்கிறது. அதில் எண்கள் மட்டும்தான். மற்றதை இதில் எழுதுகிறேன், மேடத்திடம் காட்டப் போவதில்லை.

எங்கள் வேலையை வாரா வாரம் விவசாயிகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய்ப்பாடமாகிவிட்டது. கரும்பின் கணுவுக்குள் புகுந்து குடைந்து தின்பது இடைக்கணுப் புழு. அதன் தாய் இலையில் முட்டை வைக்கும். அந்த முட்டைக்குள் தன் முட்டையைச் செருகிவிடும் ஒரு குளவி உண்டு. எள்ளில் கால்வாசி இருந்தால் அதிகம். உள்ளே குளவிக்குஞ்சு பொரிந்து முட்டையைத் தின்று தீர்த்துவிடும். புழு வரவேண்டிய இடத்தில் குளவி வரும். மருந்து அடிக்க வேண்டாம்.

லட்சக்கணக்கில் குளவி வேண்டுமானால் லட்சக்கணக்கில் முட்டை வேண்டும். அதற்காக நெல் அந்துப்பூச்சியைக் கம்புக் குருணையில் வளர்க்கிறோம். இருநூறு பேசின், ஒவ்வொன்றுக்கும் காடாத்துணி மூடி. அந்து இட்ட முட்டையை அட்டையில் ஒட்டி, குளவியை விட்டு, உள்ளே குளவிக்குஞ்சு வளர்ந்து முட்டை கறுத்ததும் அட்டையைக் கரும்பு இலையில் கட்டுவோம். இத்தனைக்கும் நடுவில் அந்து தன் இறக்கையிலிருந்து செதிலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கையில் எடுத்தால் மாவு மாதிரி. அந்து ரூமுக்குள் விளக்கைப் போட்டால் காற்றில் அதுதான் மினுங்கும்.

அந்தச் செதில்தான் அஞ்சலாட்சியின் நெஞ்சுக்குள் போய் ஓயாத இருமலும் இழுப்பும் ஆனது. அஞ்சலாட்சி என் மனைவி, எனக்கு அஞ்சலை. பதினான்கு வருடம் அதே ரூமில் என்னோடு வேலை பார்த்தவள். இரண்டு வருடமாக அரூரில் தன் தம்பி ஏழுமலை வீட்டில் இருக்கிறாள். மகள் கல்யாணமாகி மஸ்கட்டில். நான் இங்கே ஆலைக் குடியிருப்பில், அந்து ரூமுக்குப் பின்னால்.

புது வேலை என்னவென்றால், செயற்கை முட்டை. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் குண்டூசித் தலையளவு கொப்புளங்கள். உள்ளே குளவிக்குஞ்சுக்குத் தீனி. தாய்க்குளவி அதை நிஜ முட்டை என்று நம்பிக் குத்தினால் போதும். அந்துப்பூச்சியே வேண்டாம். ரூமை மூடிவிடலாம்.

அந்து ரூமை மூடினால் வந்துவிடுவதாக அஞ்சலை சொல்லியிருக்கிறாள். மேடம் நினைக்கிறார் இது அவருடைய ஆராய்ச்சி என்று.

ஜூன் 7

தீனி கலக்கினோம். பட்டுப்புழுக் கூட்டிலிருந்து எடுத்த கூட்டுப்புழுவின் சாறு, கோழிமுட்டை மஞ்சள் கரு, பால் பவுடர். நாற்றம் வாசல்வரை அடித்தது. எங்களோடு வேலை பார்க்கும் கொளஞ்சி மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, "இத்த தின்னு வளர்ற பூச்சி நல்ல பூச்சியா இருக்குமா மேடம்?" என்று கேட்டாள். மேடத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான்.

மேற்கொண்டு வேண்டிய கூட்டுப்புழு தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் கிடைக்கும். யாரை அனுப்பலாம் என்று மேடம் யோசிக்கும் முன்பே நான் போகிறேன் என்றேன். தருமபுரிக்குப் போகிற வழியில்தான் அரூர்.

ஜூன் 16, ஞாயிறு

மூன்று தடவை குளித்தேன். தலைக்குச் சீயக்காய் இரண்டு முறை. துவைத்த சட்டையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போய் அரூர் பேருந்து நிலையக் கழிப்பறையில் மாற்றிக்கொண்டேன். ஐம்பது வயதில் கள்ளக்காதலன் மாதிரி.

ஏழுமலை வீட்டு வாசலில் புங்கமரம். அஞ்சலை முதலில் கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்ப்பாள். பிறகு நாற்காலியைக் காற்று அவளிடமிருந்து என் பக்கம் வரும்படி போடுவாள். நடுவில் பத்தடி. அந்த ஏற்பாட்டில் எங்களுக்கு இப்போது பழக்கம் வந்துவிட்டது. பார்க்கிறவர்கள் பஞ்சாயத்து நடக்கிறது என்று நினைப்பார்கள்.

நாற்றுப் பண்ணையில் வேலைக்குப் போகிறாளாம். பச்சைவலைக் கூடாரத்துக்குள் குழித்தட்டில் தக்காளி, கத்தரி விதை போட்டு நாற்று எடுக்கிற இடம். அவளை மேற்பார்வைக்கே போட்டுவிட்டார்களாம்.

"ஒரு தட்டுக்கு எத்தினி குழி தெரியுமா? தொண்ணூத்தெட்டு. ஒண்ணுகூட மொளைக்காம வுடமாட்டன்."

"ஒனக்கா தெரியாது? அந்து முட்டையவே எண்ணுனவளாச்சே."

சிரித்தாள். முகம் தெளிந்து, கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. நான் இல்லாத ஊரில் அவள் நன்றாக இருக்கிறாள் என்பது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும்.

செயற்கை முட்டையைப் பற்றிச் சொன்னேன். ஆறு மாதத்தில் அந்து ரூம் இருக்காது என்றேன். "பாப்பம்" என்றாள். காற்று திரும்பியது. இருமல் வந்தது. நான் எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் தெருமுனைக்கு வந்துவிட்டேன். அவள் இருமுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை.

ஜூன் 21

குத்தவில்லை. குளவி கொப்புளத்தின் மேல் ஏறி நடந்து இறங்கிப் போய்விடுகிறது.

ஜூன் 22

குத்தவில்லை.

ஜூன் 25

தாள் தடிமன். மேடம் பெங்களூருக்குப் போன் போட்டு மெல்லிய தாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கொளஞ்சி தன் தலையிலிருந்த மல்லிகையைக் காட்டி, "பூக்காரம்மா கட்டித் தர்ற கவரு இதவுட மெல்லிசா இருக்குமே" என்றாள். சரசரவென்று இருக்குமே, அந்தக் கவர். வெட்டி, சூடுபடுத்தி, கொப்புளம் எழுப்பினோம். மாலை நாலு மணிக்கு முதல் குளவி ஏறி நின்று, வயிற்றை வளைத்து, குத்தியது. மூன்று பேரும் ஒரே பூதக்கண்ணாடிக்கு அடித்துக்கொண்டோம்.

மேடம் பெங்களூருக்குத் திரும்பப் போன் செய்து தாள் வேண்டாம் என்றார். காரணத்தைச் சொல்லவில்லை.

ஜூலை 5, வெள்ளி

பொரிந்துவிட்டது. காலையில் தட்டைத் திறந்தால் கொப்புளங்களின் மேல் கறுப்பாக ஊர்கிறது. அந்துவின் முகத்தையே பார்க்காத குளவிகள். செதில் இல்லை, தும்மல் இல்லை. கொளஞ்சி கை தட்டினாள். நான் வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டேன். அஞ்சலைக்குப் போன் செய்தேன். நாற்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள், சத்தம் கேட்டது. "அப்பிடியா? எல்லாம் ஒரே அளவா இருக்குதா? எறக்க சுருண்டிருக்கான்னு பாத்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். பதினான்கு வருடப் புத்தி எங்கே போகும்.

இறக்கை நூற்றுக்கு எண்பது நன்றாக விரிந்திருந்தது. அதையும் சொன்னேன்.

ஜூலை 8

மேலாளர் வந்து பார்த்தார். வெள்ளைச் சட்டைக்காரர், அந்து ரூம் வாசலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. மேடத்திடம் என்னைக் காட்டி, "இவரு பூச்சிமேல உசுரு. எடைமேடைக்கு மாத்தறன்னு சொன்னப்பவே வேணான்னவரு" என்றார். அது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. எடைமேடையில் லாரி எடை போட்டுச் சீட்டு எழுதும் வேலை. எனக்குச் சரிப்படாது என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 12

வயல் சோதனை. எடுத்தவாய்நத்தம் சாலையில் ஒரு ஏக்கர். செயற்கை முட்டை அட்டைகளை வைக்கும் டப்பா கழுவி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மேடம் இன்று விடுப்பு. காத்திருந்தால் வெயில் ஏறிவிடும். அந்து ரூமில் காலைத் தீனி போட்டு முடித்த கையோடு, எப்போதும்போல் அட்டைகளைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். ஆலையில் எல்லாரும் இப்படித்தான். பேனா வைக்கிற இடத்தில் குளவி அட்டை. ஏழரைக்குள் கட்டி முடித்தேன். கரும்புச் சோகை கையைக் கிழித்தது. காந்துகிறது.

ஜூலை 20

நூறு இடைக்கணுப் புழு முட்டை பொறுக்கிப் பார்த்ததில் எழுபத்தொன்று கறுத்திருக்கிறது. எழுபத்தொன்று! அந்து முட்டைக் குளவிக்கே சில வருடம் அவ்வளவு வராது.

மேலாளர் சொல்லிவிட்டார். பத்து ஏக்கரில் இன்னொரு தடவை. அதிலும் தேறினால் ஆகஸ்ட் கடைசியில் அந்து ரூமுக்குப் பூட்டு.

அஞ்சலையிடம் சொன்னேன். "நல்லது. சாப்டீங்களா?" என்றாள். சந்தோஷத்தில் அவளுக்கு வார்த்தை வராது. கல்யாணத்தன்றும் அப்படித்தான்.

ஜூலை 28, ஞாயிறு

வீட்டுக்கு வெள்ளையடித்தேன். நானே. மெத்தையை வெயிலில் போட்டு அடித்தேன். செதில் புகைந்தது. அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று சொல்லியிருக்கிறேன். திரைச்சீலைகளை எரித்தேன். அலமாரிக்குப் பின்னால் அவளுடைய பழைய சீப்பு கிடந்தது, இரண்டு முடியோடு. சீப்பைக் கழுவினேன். முடியை என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

இந்த வீட்டில் இரண்டு வருடமாக ரசம் வைக்கவில்லை. ஒருத்தனுக்கு ரசம் வைத்தால் மூன்று நாளைக்கு வருகிறது.

ஆகஸ்ட் 3

பத்து ஏக்கர். இந்த முறை மேடம் கூடவே வந்தார். எல்லாம் முறைப்படி. கழுவிக் காய்ந்த டப்பா, புதுக் கையுறை. அந்து ரூம் பக்கம் போகாத கரும்பு உதவியாளர் நான்கு பேர் அட்டையைக் கட்டினார்கள். நான் வரப்பில் நின்று எண்ணிக்கை சொன்னேன். என்னைத் தொடவிடவில்லை. கல்யாண வீட்டுக்கு வந்து பந்தியில் உட்காராமல் நிற்பது போலிருந்தது.

ஆகஸ்ட் 11

ஒன்பது. நூற்றுக்கு ஒன்பது.

ஆகஸ்ட் 12

அட்டைகளைக் கொண்டுவந்து பார்த்தோம். எல்லாம் பொரிந்திருக்கிறது. குளவி வெளியே வந்திருக்கிறது. வந்து என்ன செய்தது என்றுதான் தெரியவில்லை. பக்கத்து இலையில் முட்டை இருக்கிறது, இது தேடிப் போகவில்லை. மேடம், "அஞ்சாம் தேதி மழை பேஞ்சுச்சே அண்ணே, அதுல அடிச்சிட்டுப் போயிருக்கும்" என்றார். இருக்கலாம். மறுபடி செய்வோம் என்றார்.

ஆகஸ்ட் 14

மறுபடி கட்டினோம். டப்பா, கையுறை, எல்லாம் அப்படியே. இன்னும் கவனமாக.

ஆகஸ்ட் 22

ஏழு. இந்த எட்டு நாளில் ஒரு தூறல்கூட இல்லை. பழி போட மழையும் இல்லாமல் போயிற்று. மேடம் பூதக்கண்ணாடியின் விளக்கை அணைக்காமலே எழுந்து போனார். கண் கலங்கியிருந்தது. அவருக்கு இதில் இரண்டு வருட உழைப்பு இருக்கிறது. சின்னப் பெண்.

சாயங்காலம் அஞ்சலையைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். தீனி குறையா, தாள் குறையா, குளவிக்குப் பலமில்லையா என்று அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டவள், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மொதத் தடவ அட்டைய எதுல எடுத்துகிட்டுப் போனீங்க?"

"எதுல? பாக்கெட்டுலதான்."

"எந்தச் சட்ட?"

எந்தச் சட்டை என்று அவளுக்குத் தெரியாதா. அந்து ரூமில் மாட்டியிருக்கும் அதே காக்கிச் சட்டை. பை நிறையச் செதில்.

"அது பொறக்கறப்ப என்ன வாசன பட்டிச்சோ அதத்தான தேடிகிட்டுப் போவும்? அந்து முட்டைல செதில் ஒட்டிகிட்டே இருக்கும். ஒங்க பிளாஸ்டிக்குல இன்னா இருக்குது? மொதத் தடவ ஒங்க பாக்கெட்டு இருந்திச்சி. அவ்ளதான்."

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 23

மேடம் வருமுன் இரண்டு கண்ணாடித் தட்டு வைத்தேன். இரண்டிலும் வயலிலிருந்து கிள்ளி வந்த இலை, அதில் இடைக்கணுப் புழு முட்டை. இரண்டிலும் பொரியப்போகும் செயற்கை அட்டை. ஒன்றின்மேல் மட்டும் ஒரு சிட்டிகை செதிலை ஊதினேன்.

பத்து மணிக்குப் பொரிந்தது. சுத்தமான தட்டில் குளவிகள் முட்டையின் மேலேயே நடந்து போகின்றன, அது ஏதோ மண்ணாங்கட்டி என்பதுபோல. செதில் தட்டில் வெளியே வந்ததும் தலையை ஆட்டி ஆட்டி, உணர்கொம்பால் இலையைத் தட்டித் தட்டித் தேடிப் போய் ஏறின. பன்னிரண்டு மணிக்குள் முப்பது முட்டையில் குத்து.

இரண்டு தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். கொளஞ்சி இருமிக்கொண்டே உள்ளே வந்தாள். ஒரு மாதமாகவே இருமுகிறாள். நான் இப்போதுதான் கவனிக்கிறேன்.

ஆகஸ்ட் 24

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஆகஸ்ட் 26

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். மேடத்தையும் என்னையும். "மொத ரிசல்ட்டு எழுவத்தொண்ணு இருக்குல்ல? அத வச்சி எழுதுங்க. மத்ததுக்கு மழைன்னு போடுங்க. செப்டம்பர்ல டைரக்டருங்க வர்றாங்க, அந்து ரூம மூடிட்டோம்னு காட்டணும்" என்றார். மேடம், "இன்னொரு தடவ பாத்துட்டு" என்று இழுத்தார். "முப்பதாம் தேதிக்குள்ள" என்று முடித்துவிட்டார் அவர்.

நான் வாயே திறக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். ரூமுக்குப் பூட்டு விழும்.

ஆகஸ்ட் 27

புது மெத்தை வந்தது. உறையைப் பிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

காலை ஆறு மணிக்கே கூப்பிட்டேன், அவள் வேலைக்குக் கிளம்புமுன். முப்பதாம் தேதி ரூமை மூடப் போகிறார்கள், நான் எதுவும் சொல்லப் போவதில்லை, நீ துணிமணியை எடுத்து வை என்றேன். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். மறந்துவிட்டேன் என்று பிறகு நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

"அட்டைய நம்பி மருந்தடிக்காம வுட்டவன் கரும்பு என்னா ஆவறது? நாமதான ஊரூராப் போயி மருந்தடிக்காதீங்கன்னு சொன்னம்? அந்தக் கரும்பு முச்சூடும் புழுவடிச்சிப் போவட்டும், நான் வந்து ஒங்களுக்கு ரசம் வைக்கணுமா?"

"நீதானடி சொன்ன, ரூம மூடுனா வர்றன்னு?"

"நானா? நான் எப்ப சொன்னன்? அந்த ரூம மூடட்டும் பாப்பம்னன். நீங்களே வர்றன்னு ஆக்கிகிட்டீங்க."

அவளே தொடர்ந்தாள்.

"மேனேஜரு எடைமேடைக்குப் போறியான்னு கேட்டன்னைக்கி நான் பக்கத்துலதான் நின்னுகிட்டு இருந்தன். மூச்சு வாங்கிகிட்டு, இழுப்புக்கு வாயில அடிச்சிக்கிற பம்ப்ப கையில வச்சிகிட்டு. நீங்க இன்னா சொன்னீங்க? 'பூச்சிய யாரு பாப்பா'ன்னீங்க. என் மொகத்தப் பாக்கவே இல்ல. அன்னைக்கித்தான் நான் பொட்டியக் கட்டுனது. இருமலால இல்ல. இருமல் பத்து வருசமா இருந்திச்சி."

பிறகு, அவள் அழுகிறாளோ என்று நான் நினைத்த நேரத்தில், சாதாரணக் குரலில், "நேரமாவுது, வண்டி வந்துடும்" என்றாள்.

ஜூலை எட்டாம் தேதி எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். எனக்குச் சரிப்படாது என்று விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். அவள் பக்கத்தில் நின்றதை எழுதவில்லை. அவள் கையில் பம்ப் இருந்ததை எழுதவில்லை. ஒருவரும் படிக்காத டைரியில்கூட நான் ஒளித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

எனக்கு அந்த ரூம் பிடிக்கும். அது உண்மை. நான் கைவைத்தால் அந்து செழிக்கும், நான் ஒருநாள் போகாவிட்டால் பேசின் சூடேறிப் புழு செத்துப்போகும் என்று ஒரு பெருமை. இருநூறு பேசினுக்கும் நான்தான் வேண்டியிருந்தது. அவளுக்கு நான் வேண்டியிருந்ததை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

ஆகஸ்ட் 29

மேடத்திடம் சொல்லிவிட்டேன். பாக்கெட், சட்டை, இரண்டு தட்டு, நான் அதைக் கழுவிக் கவிழ்த்தது, எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "செதிலா? அண்ணே, செதிலா?" என்று அந்து ரூமுக்கு ஓடினார். எட்டுத் தட்டு வைத்தோம். எட்டும் என் காக்கிச் சட்டைக்குச் சாட்சி சொல்லின.

"இத மொதல்ல கண்டுபிடிச்சது யாரு?" என்றார்.

"அஞ்சலாட்சி. பதினாலு வருசம் இங்க வேல பாத்தவ."

"ரிப்போர்ட்ல அவங்க பேர் போடணும்."

முழுப் பெயரும் எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

ஆகஸ்ட் 30

கூட்டம். மேலாளருக்கு முகம் சுண்டிப் போயிற்று. மேடம் விடவில்லை. குளவி வளர்க்கச் செயற்கை முட்டை போதும், ஆனால் பொரியும் நேரத்தில் கொஞ்சம் செதில் வாசனை பட வேண்டும், அதற்கு இருநூறு பேசின் வேண்டாம், பத்து போதும். அந்தப் பத்தும் கண்ணாடிப் பெட்டிக்குள், காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறியோடு. உள்ளே போகிறவருக்கு முகமூடி கட்டாயம். ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். கொளஞ்சியை நாளையிலிருந்து தாள் வெட்டும் பக்கம் மாற்றியாகிவிட்டது. "மாஸ்க்கு போட்டுகிட்டு நானே அங்க இருக்கறனே" என்றாள். முடியாது என்று கொஞ்சம் அதட்டியே சொன்னேன்.

ஆகவே ரூமுக்குப் பூட்டு இல்லை. பத்துப் பேசின் இருக்கும். அவளுக்குப் பத்தும் இருநூறும் ஒன்றுதான்.

செப்டம்பர் 2

ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். மேலாளர், "இப்ப எடைமேடைல எடம் காலியா இருக்குயா" என்றார். இரண்டு வருடம் முன்பு அந்த வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. அவள் அரூரை விட்டு வரப்போவதில்லை, அவளுக்கு அங்கே வேலை இருக்கிறது, பெயர் இருக்கிறது. போக வேண்டியவன் நான். "அரூருக்குப் போறன் சார்" என்றேன். "அங்க இன்னா?" என்றார். "எம் பொண்டாட்டி" என்றேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே வரவில்லை.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. வா என்று அவளும் சொல்லவில்லை.

செப்டம்பர் 6

புதிதாக வந்த பையனுக்கு மூன்று நாளாகச் சொல்லிக் கொடுத்து முடித்தேன். கடைசியாகப் பேசின்களைப் பார்க்கப் போகவில்லை. போனால் நின்றுவிடுவேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு, அரூர்

ஒரு துணியும் எடுத்து வரவில்லை. தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு, பேருந்து நிலையத்துக் கடையில் புது வேட்டி, சட்டை, துண்டு வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். இந்த டைரியைக்கூட நாளெல்லாம் வெயிலில் விரித்து வைத்துத்தான் எடுத்து வந்திருக்கிறேன்.

ஏழுமலை வீட்டில் இல்லை. அஞ்சலை பண்ணையில் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமையும் நாற்றுக்குத் தாகம் எடுக்கும் அல்லவா. பச்சைவலைக்குள் அவள் ஒரு மரப்பலகையில் உட்கார்ந்து குழித்தட்டுகளில் தேங்காய்நார்த் தூளை நிரப்பிக்கொண்டிருந்தாள். என் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"இன்னா திடீர்னு? கூட்டுப்புழு வாங்க வந்தீங்களா?"

"வேலைய வுட்டுட்டன்."

கை நிற்கவில்லை. ஒரு தட்டு முழுவதையும் நிரப்பித் தட்டிச் சமமாக்கி ஓரமாக வைத்தாள்.

"ரூம மூடிட்டாங்களா?"

"இல்ல. பத்துப் பேசின் இருக்குது. நான் மேடத்துகிட்ட சொல்லிட்டன். ஒம் பேரு ரிப்போர்ட்ல வருது."

"அப்ப யாரு பாத்துக்கறாங்க பூச்சிய?"

"யாரோ பாத்துக்கறாங்க."

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். எனக்கு அவளிடம் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, பேருந்தில் மூன்று மணி நேரம் அடுக்கி வைத்துக்கொண்டே வந்தேன். "அன்னைக்கி நான் ஒம் மொகத்தப் பாத்திருக்கணும் அஞ்சல" என்றேன். அது மட்டும்தான் வந்தது.

அவள் பலகையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரு காலித் தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளில் தோள் இடிக்கிற அளவுக்கு இடம். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளுடைய தலையெண்ணெய் வாசனை எனக்கு எட்டியது. குழியை நிரப்பினேன். அதிகமாக அமுக்கக்கூடாது, வேர் ஓடாது என்று என் கையைத் தட்டிவிட்டாள்.

மூன்றாவது தட்டில் அவளுக்கு இருமல் வந்தது.

என்னில் இன்னும் எங்கோ ஒட்டியிருக்கிறது. காதுமடலிலோ, நகக்கண்ணிலோ. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். வலையின் வாசல்வரை போய்விட்டேன்.

"எங்க ஓடறீங்க?"

இருமலுக்கு நடுவில்தான் கேட்டாள். கண்ணில் தண்ணீர், கையில் பம்ப். ஒருமுறை உறிஞ்சிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு எனக்குக் கையைக் காட்டினாள், இரு என்று.

"இருமறது நான். நீங்க எதுக்கு எப்பப் பாத்தாலும் எழுந்து ஓடறீங்க? வந்து உக்காருங்க."

போய் உட்கார்ந்தேன். அவள் இருமி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.